சார்கிட்ட சொல்லிட்டா அது சாரோட பிரச்சினை

எட்டு மாதத்தில் மூன்று சூப்பர்வைசர்கள் வேலையை விட்டுப் போனார்கள். முதல் ஆள் சம்பளம் பத்தவில்லை என்றார், நம்பினேன். இரண்டாவது ஆள் ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றார், அதையும் நம்பினேன். மூன்றாவது ஆள் காரணமே சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார், அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார், "வர்றனுங்க சார்" என்று கிளம்பிவிட்டார். பதினொரு வருஷம் என்னோடு இருந்தவர்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பிளான்ட் மேனேஜராக இருக்கிறேன். இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அசெம்பிளி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். மூன்று ஷிப்டும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் பேர். டிப்ளமோ முடித்த கையோடு மோல்டிங் லைனில் டிரெய்னியாகச் சேர்ந்து, 23 வருஷத்தில் இந்த நாற்காலிக்கு வந்தவன். வார்த்தெடுத்த காஸ்டிங்கைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்றாவது ஆள் போன வாரத்தில் சின்னவர் கூப்பிட்டார். பெரிய முதலாளியின் மகன், நிர்வாகம் இப்போது அவர் கையில். "அண்ணா, உங்களுக்கு ஒரு எக்ஸிக்யூட்டிவ் கோச் ஏற்பாடு பண்ணலாம்னு இருக்கேன்" என்றார். மேனேஜர்களோடு தனியாக உட்கார்ந்து பேசி, அவர்களே தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள உதவுகிற ஆளாம். எனக்குச் சுருக்கென்றது. சரியில்லாத மெஷினுக்குத்தானே மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்? வீட்டில் சொன்னபோது, "கிரிக்கெட் ஆடறவங்களுக்குத்தானே கோச் வெப்பாங்க?" என்று கேட்டாள் மனைவி. சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அடுத்தது வெளியே அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கூகுளின் தலைமைப் பொறுப்பில் எரிக் ஷ்மிட் இருந்தபோது அவருக்கும் இப்படித்தான் ஒரு கோச்சைச் சொல்லியிருக்கிறார்கள். அனுபவப்பட்ட சி.இ.ஓ. எனக்கு எதற்குக் கோச் என்றுதான் அவருக்கும் முதலில் தோன்றியதாம். வந்தவர் பில் கேம்ப்பெல். ஒரு காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு நிஜமாகவே கோச்சாக இருந்தவர். பிறகு, கேட்பவர்களிடமெல்லாம் 'ஒரு கோச் வைத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் எனக்குக் கிடைத்த சிறந்த யோசனை என்று ஷ்மிட் சொன்னார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். முன்பே தெரிந்திருந்தால் அந்த இரண்டு ராத்திரியாவது தூங்கியிருப்பேன்.

சின்னவர் செய்த ஒரு நல்ல காரியம், ஒரே ஆளைக் கொண்டுவந்து என் தலையில் கட்டவில்லை. மூன்று பேரோடு அரை அரை மணி நேரம் பேசிப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்றுவிட்டார். முதலாமவர் பத்தே நிமிஷத்தில் என் பிரச்சினை என்ன, தீர்வு என்ன என்று சொல்லிவிட்டார். அந்த வேலையை நானே நன்றாகச் செய்வேன். இரண்டாமவர் தான் யார் யாருக்கெல்லாம் கோச் செய்தேன் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார். நாளைக்கு அந்தப் பட்டியலில் நானும் இருப்பேன் என்று தோன்றியதும் வேண்டாம் என்று முடிவு கட்டினேன். மூன்றாவது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மேடம். அரை மணி நேரத்தில் அவர் பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. "மூணு பேர் போனாங்கன்னு சொன்னீங்க. அதுல யார் போனது உங்களுக்கு வலிச்சுது?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அவரையே தேர்ந்தெடுத்தேன்.

ஆள் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தத் தொழிலில் யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம், சட்டப்படி தடை ஒன்றும் கிடையாது. அதனால் சான்றிதழைக் கேளுங்கள். 1995-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மூன்று படிநிலைகளில் சான்று தருகிறது. ஏ.சி.சி. வாங்கக் குறைந்தது 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும். பி.சி.சி.க்கு 500 மணி நேரம், எம்.சி.சி.க்கு 2,500 மணி நேரம். எங்கள் மேடம் பி.சி.சி. ஆனால் சான்றிதழ் நுழைவுச்சீட்டு மாதிரிதான். அந்த அரை மணி நேரப் பேச்சில் நீங்கள் உங்களைப் பற்றி யோசித்தீர்களா, அவரைப் பற்றி யோசித்தீர்களா என்று பாருங்கள். எனக்கு அதுதான் உரைகல்லாக இருந்தது.

ஆரம்பிக்கும் முன் சின்னவர், நான், மேடம் மூவரும் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். 'நல்ல தலைவராக மாறுதல்' என்று சின்னவர் எழுதியதை மேடம் அடித்துவிட்டார். "ஆறு மாசம் கழிச்சு ஃபேக்டரிக்குள்ள நடந்து வந்தா, எது மாறியிருக்கறதை நீங்க கண்ணால பார்க்கணும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு சின்னவர் சொன்னார்: "அண்ணா லீவு போட்டா ஃபேக்டரி ஓடணும்." அதுதான் குறிக்கோள் ஆனது.

இன்னொரு வரியும் அதில் இருந்தது. அறைக்குள் பேசுவது எதுவும் வெளியே போகாது. குறிக்கோளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை மட்டும், மூவரும் இருக்கும்போது, நானே சொல்வேன். இரண்டாவது மாதம் சின்னவர் கார் பார்க்கிங்கில் மேடத்தை நிறுத்தி, "அண்ணா என்ன சொல்றாருங்க?" என்று விசாரித்திருக்கிறார். "அதை அண்ணாகிட்டதாங்க கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாராம் மேடம். செக்யூரிட்டி வந்து சொன்னான். அன்றைக்குத்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. அதுவரை பாதிதான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, கொடுத்த பயிற்சியைச் செய்யாமலேயே செய்ததாகப் பொய்கூடச் சொன்னேன். பத்தாவது படிக்கிற பையன் மாதிரி.

முதல் வேலையாக மேடம் என்னைச் சுற்றியிருக்கும் ஒன்பது பேரிடம் தனித்தனியாகப் பேசினார். எனக்கு மேலே இரண்டு பேர், சமமாக மூன்று பேர், கீழே நான்கு பேர். யார் சொன்னது என்பதை மறைத்து, சொன்னதை மட்டும் தொகுத்துக் கொடுத்தார். நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. நேர்மையான ஆள், வேலை தெரிந்த ஆள், ஆஸ்பத்திரிச் செலவென்றால் முதலில் நிற்பார் என்றெல்லாம். மிச்சம் அரைப் பக்கத்தில் இரண்டு வரிகள்:

"கேள்வி கேப்பாரு. நாம பதில் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிருவாரு."

"சார்கிட்ட சொல்லிட்டா அது சாரோட பிரச்சினை. அதனால சீக்கிரமா சொல்லிருவோம்."

இரண்டாவது வரியை முதலில் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றார். மூன்றாவது தடவை படிக்கும்போது காது சூடானது.

அடுத்த வாரம் காலை எட்டரை மணி மீட்டிங்குக்கு வந்து மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. வாய் திறக்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் நோட்டைக் காட்டினார். மொத்தம் 22 நிமிஷம், அதில் நான் பேசியது 17. கேட்ட கேள்விகள் பதினான்கு, அதில் மற்றவர்கள் பதில் சொல்லி முடித்தது மூன்று. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி வரிசையாகக் கோடு போட்டு வைத்திருந்தார். குறை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். கோடுகளோடு என்னவென்று சண்டை போடுவது?

அப்போது கொடுத்த பயிற்சி இவ்வளவுதான்: கேள்வி கேட்டபின் மேசைக்கு அடியில் விரல் விட்டு ஏழு எண்ண வேண்டும். அதுவரை வாய் திறக்கக்கூடாது. கேட்க எளிதாக இருக்கும். நீங்கள் இன்று உங்கள் ஆபீஸில் செய்து பாருங்கள், நாலாவது விரலில் உயிர் போகும்.

ஜூலை மாதம். பம்பின் வெளிக்கூடான வால்யூட் கேசிங் காஸ்டிங்கில் புளோ ஹோல், அதாவது வாயு அடைபட்டு விழும் ஓட்டை, வந்துகொண்டே இருந்தது. வழக்கமாக நான்கு சதவீதம் இருக்கும் ரிஜெக்ஷன் ஒன்பதுக்கு ஏறிவிட்டது. இரும்பை ஊற்றும் மணல் மோல்டில் வாயு வெளியே போக வழி போதவில்லை என்று நான் அடித்துச் சொல்லி, மூன்று வாரமாக வெண்ட் துளை அடிப்பதைக் கூட்டிக்கொண்டே இருந்தோம். மணலில் ஈரத்தைத் தினம் நான்கு தடவை சோதிக்கச் சொன்னேன். ரிஜெக்ஷன் இறங்கவில்லை. அன்றைக்கு மீட்டிங்கில், காஸ்டிங்குக்குள் பொந்து விட வைக்கும் மணல் அச்சான கோர்களைச் செய்யும் கோர் ஷாப்பின் சூப்பர்வைசரிடம், "உனக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. அவர் என் முகத்தைப் பார்த்தார், வழக்கம்போல நானே சொல்வேன் என்று காத்திருந்தார். மூன்று, நான்கு. பக்கத்தில் இருந்தவர் இருமினார். ஐந்து. ஃபேன் சத்தம் கேட்டது. ஆறு.

"சார், கோர்ங்க."

"என்ன கோர்?"

"ராத்திரி செஞ்ச கோரை மேக்கால கதவுகிட்ட ராக்குல அடுக்கறோமுங்க. இப்ப ஆடிக் காத்து. சாரலடிக்குது. காலைல தொட்டா பிசுபிசுங்குது."

எங்கள் கோர்கள் மணலில் சோடியம் சிலிகேட் கலந்து, கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு இறுக்குகிறவை. ஈரத்தை இழுத்துக்கொள்வது அவற்றின் குணம். ஈரக் கோர் மேல் உருக்கிய இரும்பு விழுந்தால் ஆவி கிளம்பாமல் என்ன செய்யும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராக்கைக் கிழக்குப் பக்கம் மாற்றினோம், ஊற்றும் முன் கோரைச் சூடு காட்டினோம். பத்து நாளில் பழைய நான்குக்கு வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. மீட்டிங் முடிந்ததும் அவரை நிறுத்தி, "எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன். "மொத வாரத்துல இருந்துங்க சார்." ஏன் சொல்லவில்லை என்றேன். கொஞ்சம்கூட வருத்தமில்லாமல், நியாயமான பதிலாகவே சொன்னார்: "நீங்க வெண்டுன்னு சொல்லிட்டீங்களே சார்."

மூன்று வாரம் உடைத்து மறுபடி ஃபர்னஸில் போட்ட இரும்பை மட்டும் கணக்குப் போட்டேன், கரண்ட் பில்லோடு சேர்த்து. கோச்சிங்குக்குக் கம்பெனி கொடுத்த பணம், என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல், அதிலேயே பெரும்பகுதி வந்திருக்கும். என் கர்வத்துக்கு எவ்வளவு செலவு ஆகிறது என்று அன்றுதான் ரூபாயில் பார்த்தேன்.

ரூபாய்க் கணக்கு என்றதும் ஒன்று. இந்தத் தொழிலில் புழங்கும் 'போட்ட காசு இத்தனை மடங்காகத் திரும்பும்' கணக்குகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. 2001-ல் வந்த ஓர் ஆய்வு 5.7 மடங்கு என்றது, இன்றைக்கும் பல விளம்பரங்களில் அந்த எண் ஓடுகிறது. அது கோச்சிங் பெற்ற அதிகாரிகளே சொன்ன மதிப்பீட்டை வைத்துப் போட்டது. என்னைக் கேட்டாலும் நல்ல மூடில் இருந்தால் பத்து மடங்கு என்பேன். இதைவிட எனக்கு நம்பிக்கையாகப் பட்டது கூகுள் 2008 வாக்கில் தன் மேனேஜர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி. நல்ல மேனேஜரிடம் இருக்கும் எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தினார்கள். முதல் இடம், தன் ஆட்களுக்குத் தானே நல்ல கோச்சாக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது, அதாவது கடைசி. காஸ்டிங்கைத் தட்டிப் பார்க்கிறவனுக்கு இது கசப்பு மாத்திரை.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. நான்காவது மாதக் கடைசியில், டெஸ்பாட்ச் நெருக்கத்தில், ஒரு லாட்டுக்கு நேம் பிளேட் மாற்றி அடித்துவிட்டார்கள். பேக்கிங் பகுதியில் பன்னிரண்டு பேர் பார்க்க அசெம்பிளி இன்சார்ஜை நான் கத்திய கத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிற பையன் வண்டியை நிறுத்திவிட்டான். ஏழாவது எண்ணாவது!

மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் உபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். "அதுக்கு முந்தின அரை மணி நேரம் என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். யோசித்தேன். சின்னவர் போன். அதே லாட் பற்றி. நைட் ஷிப்ட் இன்சார்ஜுக்கு அவர் நேரடியாகப் போன் செய்து, எனக்கு முன்பே விஷயம் தெரிந்து, 'உங்களுக்குத் தெரியாதா அண்ணா?' என்று கேட்டிருந்தார். அங்கே வாங்கியதை இங்கே இறக்கி வைத்திருக்கிறேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது.

இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, மறுநாள் காலை அதே பேக்கிங் பகுதியில், அதே ஆட்கள் இருக்கும்போது இன்சார்ஜிடம், "நேம் பிளேட் மாறினது தப்புதான். ஆனா அதை உள்ள கூப்பிட்டுப் பேசியிருக்கணும். கத்துனது என் தப்பு" என்றேன். அறைக்குள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் மானம் போனது வெளியேதானே?

இன்னொன்று கஷ்டமானது. சின்னவரிடம் பேச வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து சோறு போடுகிற கம்பெனி. வயதில் சின்னவர், இடத்தில் முதலாளி. எனக்கு வார்த்தையே வரவில்லை. மேடம் சின்னவராக உட்கார்ந்துகொண்டார், நான் பேசிப் பழகினேன். முதல் தடவை புலம்பினேன், இரண்டாவது தடவை குற்றப்பத்திரிகை வாசித்தேன். ஐந்தாவது தடவைதான் மனுஷன் பேசுகிற மாதிரி வந்தது. கோச்சிங்கில் எனக்கு மிக உபயோகமான ஒன்றரை மணி நேரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இடைக்கால மீட்டிங்கில் சின்னவரிடம் கேட்டேன்: "நைட் ஷிப்டுக்கு நீங்க நேரா போன் பண்றது வாரத்துக்கு எத்தனை தடவை இருக்கும்ங்க?" ஒன்றோ இரண்டோ என்றார். போனை எடுத்துப் பார்த்தார். போன வாரம் பதினொன்று. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க லீவு போட்டா ஃபேக்டரி ஓடணும்னு எழுதி வெச்சோம். நீங்க போன் பண்ணாமயும் ஓடணுமில்லைங்களா?" என்றேன். அவசரம் என்றால் மட்டும் போன், மற்றதெல்லாம் காலை ஒன்பதரைக்கு என்னோடு, என்று ஏற்பாடானது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை மீறுவார். மனுஷர்தானே. ஆனால் இது நடக்காமல் இருந்திருந்தால் நான் எத்தனை விரல் எண்ணியிருந்தாலும் வீண். மேனேஜரைக் கோச்சிடம் அனுப்பிவிட்டு, மேலே இருப்பவர் தன் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டால், கம்பெனிக்கு மிச்சமாவது பில் மட்டும்தான்.

அதே மாதிரி, வெளியே அனுப்ப ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட ஆளுக்கு, 'எல்லா முயற்சியும் செய்தோம்' என்று ஃபைலில் காட்டுவதற்காகக் கோச் வைக்காதீர்கள். வேறொரு கம்பெனியில் என் நண்பருக்கு அப்படி நடந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் அவர் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? வேலை தெரியாத ஆளுக்குத் தேவை டிரெய்னிங். மனச்சோர்வில் இருக்கிறவருக்குத் தேவை டாக்டர். சம்பளம் பத்தாதவருக்குத் தேவை சம்பளம். இந்த மூன்றுக்கும் கோச் மாற்று கிடையாது. எங்களிடமிருந்து போன அந்த முதல் சூப்பர்வைசர் நிஜமாகவே சம்பளத்துக்காகத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. அதற்கு என் குணத்தைத் திருத்தி என்ன பயன்?

ஆறு மாத முடிவில் ஒன்பது நாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு ராமேஸ்வரம், கன்னியாகுமரி போனேன். போனை அணைக்கவில்லை, அவ்வளவு துணிச்சல் இன்னும் வரவில்லை. ஃபேக்டரியிலிருந்து மொத்தம் நான்கு அழைப்பு. அதில் ஒன்று, "சார், கம்ப்ரஸர் நின்னுது, சரி பண்ணிட்டோம், தகவலுக்குச் சொல்றோம்" என்று. முன்பெல்லாம் திருப்பதி வரிசையில் நிற்கும்போதே முப்பது வரும். அதற்குப் பின் இந்த ஒன்றரை வருஷத்தில் சூப்பர்வைசர் யாரும் போகவில்லை. அதில் பாதி, சின்னவர் ஊதியத்தைச் சரி செய்ததால் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினொரு வருஷம் இருந்துவிட்டுப் போனவரை ஒருநாள் காந்திபுரத்தில் பார்த்தேன். டீ குடித்தோம். திரும்பி வருகிறீர்களா என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில், மேசைக்கு அடியில் எண்ண ஆரம்பித்தேன். ஏழு தாண்டி, பத்தும் தாண்டியது. "இப்ப இருக்கற எடத்துல நல்லாப் பாத்துக்கறாங்க சார்" என்றார்.

இந்த ஆடியில் சின்னவர் தானே ஒரு கோச் வைத்துக்கொண்டிருக்கிறார். அதே மேடம்தான் வேண்டும் என்றார், ஒரே கம்பெனியில் இருவருக்கும் வேண்டாம் என்று அவர் மறுத்து வேறு ஆளைக் கைகாட்டினார். போன வாரம் ஷாப் ஃப்ளோரில் என்னோடு நடந்துகொண்டே, "அண்ணா, மேடம் உங்ககிட்ட அப்ப என்னதான் கேட்டாங்க?" என்றார்.

"அதைச் சொல்லமாட்டனுங்க" என்றேன். மேற்குக் கதவைச் சாத்தச் சொல்ல வாயெடுத்தேன். கோர் ஷாப் சூப்பர்வைசர் ஏற்கெனவே சாத்திக்கொண்டிருந்தார்.